முதல் பதினோரு நொடி

அருளப்பனின் கார் தினமும் காலை ஐந்து நாற்பதுக்குப் பதினோரு நொடி செத்துப் பிழைத்தது.

பொத்தானை அழுத்தியதும் முதலில் ஒரு குலுக்கல். பிறகு பானெட்டுக்கு அடியில் யாரோ சுத்தியலோடு மாட்டிக்கொண்டதுபோல டொக், டொக், டொக். கண்ணாடி ஆடும். கண்ணாடியில் தொங்கும் சின்னச் சிலுவை ஆடும். பக்கத்து சீட்டில் இருக்கும் மனைவி எஸ்தரின் கன்னம்கூட ஆடும். பின்னால் வெள்ளைப் புகை கிளம்பும். பதினோராவது நொடியில் எல்லாம் அடங்கிவிடும். கல்யாண வீட்டில் சண்டை போட்டுவிட்டு ஃபோட்டோவுக்கு வந்து நிற்கும் சம்பந்தியைப்போல என்ஜின் சாந்தமாகிவிடும். அப்புறம் கார் தன் வானொலித் தமிழில் சொல்லும்: "வணக்கம். நான் நலம். நீங்கள் நலமா?"

எஸ்தர் பதில் சொல்வதில்லை. அவள் அப்போதுதான் தன் காலை இருமலை முடித்துவிட்டு மூச்சை ஒழுங்குபடுத்திக்கொண்டிருப்பாள். அது ஐந்தரைக்குத் தொடங்கும். கார் கிளம்பும்போது அநேகமாக முடிந்திருக்கும். ஆறு மணிக்கு அவள் மேற்பார்வை பார்க்கும் பள்ளி விடுதிச் சமையலறையில் இட்லிக் கொப்பரை ஏறியாக வேண்டும்.

கோத்தகிரிக்கு மேலே ஆனைக்கல்பெட்டு என்கிற அந்தச் சின்ன ஊரில் எல்லோரிடமும் இதே கார்தான். மலையில் பேட்டரியும் பெட்ரோலும் கலந்து ஓடும் வண்டிகளுக்கு மட்டுமே அனுமதி என்று சட்டம் வந்த வருஷமே தோழமை என்கிற நிறுவனமும் வந்துவிட்டது. எது எதைக் கூட்டிக்கொண்டு வந்தது என்று யாரும் கேட்கவில்லை. காருக்குப் பெயர் 'தோழன்'. அதே நிறுவனம் அரசாங்கத்துக்காகச் செய்து எல்லோர் மணிக்கட்டிலும் மாட்டிவிட்ட பட்டைக்குப் பெயர் 'தோழி'. ஊர் ஆஸ்பத்திரியை மூடிவிட்டு அங்கே ஒரு திரையை வைத்தார்கள். திரைக்கு முன்னால் கையை நீட்ட வேண்டும். தோழி சிவப்பாக இருந்தால் டாக்டரைப் பார்க்க டோக்கன் வரும். பச்சையாக இருந்தால் "வாழ்த்துகள்" என்று வரும்.

எஸ்தருக்கு ஒன்பது முறை வாழ்த்துகள் வந்திருந்தன.

*

அருளப்பன் மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வுபெற்றவர். முப்பத்திரண்டு வருஷம் கம்பத்தைப் பார்த்துப் பார்த்து, எது சாய்ந்திருந்தாலும் நிமிர்த்தாமல் விடக்கூடாது என்கிற வியாதி வந்துவிட்டது. கார் விஷயமாக எட்டு மாதத்தில் இருபத்துமூன்று புகார் எழுதினார். எஸ்தரின் இருமலுக்காகக் கற்பூரவள்ளி இலை பறித்துவந்தார்.

இருபத்துநான்காவது புகாருக்கு மேட்டுப்பாளையம் கிளைக்கு நேரில் வரச்சொல்லி அழைப்பு வந்தது. அங்கே 'வாகன நல்லுறவு முதன்மை ஆலோசகர்' முகிலரசன் உட்கார்ந்திருந்தார். இந்த வேலைக்கு முன்காலத்தில் சர்வீஸ் அட்வைசர் என்று பெயர். அப்போது அவர்கள் சட்டையில் கொஞ்சம் கிரீஸ் இருக்கும். முகிலரசன் சட்டையில் ஒரு ரோஜா இருந்தது.

"சொல்லுங்க சார். அவருக்கு என்ன பண்ணுது?"

அருளப்பன் திரும்பி எஸ்தரைப் பார்த்தார். "யாருக்கு?"

"உங்க தோழனுக்கு சார்."

"காலையில ஸ்டார்ட் பண்ணா ஆடுதுங்க. தட்டுது. பதினோரு செகண்டு."

"இப்ப ஆடுறாரா?"

"ஒரு மணி நேரம் ஓட்டிக்கிட்டு வந்திருக்கேன். இப்ப எப்படி ஆடும்? சூடாகிடுச்சே. ஒரு ராத்திரி இங்கயே விடறேன், காலையில நீங்களே பாருங்க."

"தாராளமா விடலாம். எங்க இளவெப்ப மண்டபத்துலதான் ஓய்வெடுப்பார்." முகிலரசன் ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார். கல்யாண மண்டபம் அளவுக்கு ஒரு கூடம்; வெள்ளை விளக்கில் வரிசையாகக் கார்கள். "பேட்டரிக்குக் குளிரும் ஆகாது, வெயிலும் ஆகாது. வருஷம் முழுக்க இருபத்தெட்டு டிகிரி."

"இருபத்தெட்டு டிகிரியில அது ஆடாதுங்க. எங்க ஊர்ல காலையில ஆறு டிகிரி."

"அப்ப எங்க மண்டபத்துல அவருக்கு எந்தக் குறையும் இல்லைன்னு நீங்களே ஒத்துக்கறீங்க."

அருளப்பனுக்கு எங்கே தவறினோம் என்று புரியவில்லை. முகிலரசன் திரையைத் திருப்பிக் காட்டினார். எட்டு மாதத்துக்கும் பச்சைக் கோடு.

"இங்க பாருங்க. காலை ஐந்து நாற்பது, அதிர்வு. ஐந்து நாற்பது, அதிர்வு. தினமும் பதிவாகியிருக்கு. அவர் எதையும் மறைக்கல சார்."

"அப்புறம் ஏன் பச்சை?"

"தோழன் பழகும் தன்மை உடையவர். எந்த ஒரு விஷயமும் முப்பது நாளைக்கு மேல நீடிச்சா, அதைக் கோளாறுன்னு எடுத்துக்க மாட்டார். குணம்னு எடுத்துக்குவார்." முகிலரசன் இந்த வரியை மனப்பாடமாக வைத்திருந்தார், சொல்லி முடித்ததும் கொஞ்சம் இடைவெளி விட்டார். "இது உங்க வண்டியோட குணம் சார். நாமதான் புரிஞ்சுக்கணும்."

எஸ்தர் சிரித்துவிட்டாள். சிரிப்பு இருமலாக மாறியது. முகிலரசன் எழுந்துபோய் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, அவள் மணிக்கட்டைப் பார்த்து, "பச்சைதான் மேடம், கவலைப்படாதீங்க" என்றார். நல்ல மனிதர்.

*

கமால் பாய் ஒருகாலத்தில் மெக்கானிக். பானெட்டுக்கு சீல் வைத்து, நிறுவனத்துக்காரன் தவிர வேறு யார் திறந்தாலும் அபராதம் என்று ஆனபிறகு, தன் ஷெட்டில் காளான் வளர்க்கிறார். இருட்டும் ஈரமும் இரண்டு தொழிலுக்கும் பொதுவாக இருந்ததால் அதிகம் மாற்ற வேண்டியிருக்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை காலை ஐந்தரைக்கு, குடைக்குள் ஒரு முழநீள ஸ்க்ரூ டிரைவரை ஒளித்துக்கொண்டு அருளப்பன் வீட்டுக்கு வந்தார்.

"இன்ஸ்பெக்டரே, மூடியத் திறந்தாதானே ஃபைனு? காதை வச்சா ஃபைன் இல்லையே?"

முன்சக்கரத்துக்கு மேலே இருந்த இடைவெளியில் ஸ்க்ரூ டிரைவரை நுழைத்து, முனையை என்ஜினில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். அருளப்பன் பொத்தானை அழுத்தினார். குலுக்கல். டொக், டொக். புகை. பதினொன்று. அடங்கியது.

"வணக்கம். நான் நலம்" என்றது கார்.

"உன் தலை" என்றார் கமால் பாய். புகைக்குழாய் பக்கம் போய் குனிந்து முகர்ந்தார். "இனிப்பா வாசம் அடிக்குது பாருங்க. கூலன்ட். என்ஜின் சூட்டைத் தணிக்கிற தண்ணி. ராத்திரி வண்டி சும்மா நிக்கிறப்ப, குளிர்ல மெட்டல் சுருங்கி, தண்ணி கசியாம அடைக்கிற கேஸ்கட்டு இடுக்கு விடுது. அதுவழியா சொட்டுச் சொட்டா உள்ள இறங்கி ஒரு சிலிண்டர்ல நின்னுக்குது. காலையில மூணு சிலிண்டரு வேலை செய்யுது, நாலாவது தண்ணியில மூழ்கி இருமுது. அதான் ஆட்டம். தண்ணி ஆவியாப் போனதும் ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓடும்."

"இவ்வளவுதானா!" என்றார் அருளப்பன். எட்டு மாதத்தில் முதல்முறையாக ஒருவர் அவர் சொன்னதை நம்பியிருக்கிறார்.

"இவ்வளவுதான்னு லேசா சொல்லாதீங்க. ஒரு நாள் தண்ணி ஜாஸ்தியா இறங்கிடும். பிஸ்டன் ஏற இடமிருக்காது. டக்குனு நின்னுடும். அன்னைக்கு நின்னா நின்னதுதான்."

காருக்குள் உட்கார்ந்திருந்த எஸ்தர் கண்ணாடியை இறக்கினாள். "எனக்கும் இதே கதைதான் பாய். ராத்திரி படுத்தா நெஞ்சுல தண்ணி ஏறின மாதிரி இருக்கு. மூணு தலகாணி வச்சு சாஞ்சு கெடக்கேன். காலையில எந்திரிச்சு இருமித் தீத்தா, பத்து நிமிஷத்துல சரியாப் போயிடுது."

"டாக்டரைப் பாக்கலியாம்மா?"

"பச்சைக்கு எங்க பாய் டோக்கன் குடுக்கறான்? இதை எனக்கு மாட்டிவிட்டதே மார்கழியில. அப்பவே இருமல் இருந்துச்சு. முப்பது நாள் என் கூடப் பழகி, இவ இப்படித்தான்னு முடிவு பண்ணிட்டா." மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினாள். "எனக்கும் பழகிடுச்சு."

"உங்க கேஸ்கட் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாதேம்மா" என்றார் கமால் பாய்.

மூன்று பேரும் சிரித்தார்கள். அதிகமாகச் சிரித்தது எஸ்தர்தான்.

"இதை எப்படி பாய் அவங்களை ஒத்துக்க வைக்கறது?" அருளப்பனுக்குக் காரைவிட்டு மனசு நகரவில்லை.

"வண்டிக்கு மறதி வர வைக்கணும். டிக்கியில ஒரு சின்ன பேட்டரி இருக்கும். நாளைக்கு சாயங்காலம் அதோட வயரைக் கழட்டி, ஒரு மணி நேரம் விட்டு மாட்டுங்க. இதுவரைக்கும் பழகினதெல்லாம் போயிடும். ஃபேக்டரியில எழுதின அளவை வச்சுத் தன்னைத்தானே பாக்கும். அப்ப தெரியும் அய்யாவுக்குத் தன் லட்சணம்."

"இவ பட்டைக்கும் அதே மாதிரி பண்ணலாமா?"

கேட்டார். அதைப் பதிவுசெய்ய வேண்டியது நியாயம்.

கமால் பாய் யோசித்தார். "வண்டிக்கு ஃபேக்டரி அளவு இருக்கு இன்ஸ்பெக்டரே. மனுசனுக்கு எங்க இருக்கு? மறந்துட்டு, இன்னைக்கு இருக்கறதையே புதுசாப் பழகிக்கும். முதல்ல வண்டியைப் பாருங்க. வண்டி சரியானா தங்கச்சியை கோயம்புத்தூர் கூட்டிட்டுப் போயி, பட்டை கேக்காத டாக்டர் எவனாவது இருக்கானான்னு பாக்கலாம்."

நல்ல யோசனை. ஒழுங்கான வரிசை. முதலில் வண்டி.

*

ஞாயிறு காலை ஆறு டிகிரிகூட இல்லை. புல்லில் உறைபனி உப்புத் தூவினாற்போல் கிடந்தது. கமால் பாய் வேடிக்கை பார்க்கக் குடையோடு வந்திருந்தார். குடைக்குள் இன்று ஒன்றுமில்லை. அருளப்பன் பொத்தானை அழுத்தினார்.

"வணக்கம். நான் உங்கள் தோழன். நாம் இதற்குமுன் சந்தித்ததில்லை" என்றது கார்.

குலுக்கல். டொக், டொக், டொக். நாலாவது நொடியில் என்ஜின் தானாகவே நின்றது. கார் முழுக்கச் சிவப்பு விளக்கு எரிந்தது.

"எனக்குக் கடுமையான கோளாறு உள்ளது. தயவுசெய்து என்னை நகர்த்த வேண்டாம். மலைப்பாதை விதிகளின்படி என் சக்கரங்கள் பூட்டப்படுகின்றன."

அருளப்பன் வெளியே குதித்தார். அறுபத்திரண்டு வயதில் அவர் குதித்ததைக் கமால் பாய் முன்பின் பார்த்ததில்லை. "எஸ்தர்! சிவப்பு! ஒத்துக்கிச்சு! இங்க வந்து பாரு!"

எஸ்தர் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். ஒரு கை கதவு நிலையைப் பிடித்திருந்தது. வாய் திறந்திருந்தது. இருமல் வரவில்லை, அதன் இடத்தில் கர்ர், கர்ர் என்று ஒரு சத்தம். உதடு நீலமாக இருந்தது.

"ஏங்க," என்றாள். அதற்கே மூச்சு போதவில்லை. "இன்னிக்கு... அடங்க மாட்டேங்குது."

அருளப்பன் அவசர ஊர்திக்கு அழைத்தார். பதில் உடனே வந்தது; அதில் குறை சொல்ல முடியாது.

"எஸ்தர் அவர்களின் தோழி பச்சையில் உள்ளது. காலை நேர மூச்சிரைப்பு அவர்களது இயல்பு. நலமாக உள்ளவருக்கு ஊர்தி அனுப்பினால் நலமில்லாத ஒருவருக்கு அது கிடைக்காமல் போகலாம். உங்கள் புரிதலுக்கு நன்றி."

"உதடு நீலமா இருக்குங்க! நீலம்!"

"நீலம் என்ற நிலை எங்கள் பட்டியலில் இல்லை."

பக்கத்து வீட்டு வாசலில் கார் இருந்தது. சொந்தக்காரர் பெங்களூரில், அவர் முகத்தைக் காட்டினால்தான் கதவு திறக்கும். அடுத்த வீடு அரைக் கிலோமீட்டர் தள்ளி.

"பாய், உங்க பழைய ஜீப்பு?"

"அதை உருக்கி உங்க வண்டிக்கு பம்பர் பண்ணி மூணு வருஷமாச்சு" என்றார் கமால் பாய். அவர் எஸ்தரின் முதுகைத் தாங்கிப் பிடித்திருந்தார்.

அப்போது கார் பேசியது. "கவலை வேண்டாம். எனக்காகக் கோத்தகிரியிலிருந்து மீட்பு ஊர்தி புறப்பட்டுவிட்டது. பதினெட்டு நிமிடங்களில் வந்துசேரும்."

பதினேழாவது நிமிடத்திலேயே வந்தது. நீல விளக்கு, சைரன், பின்னால் நீளமான மேடை. பொன்னுரங்கம் என்கிற நடுத்தர வயது ஆள் இறங்கினார். வண்டி தானாகவே ஓடும். அவர் வேலை சங்கிலி மாட்டுவது மட்டும்.

"அண்ணே, இவளை முன்னாடி ஏத்திக்கங்க. உங்க கால்ல விழறேன்" என்றார் அருளப்பன்.

பொன்னுரங்கம் எஸ்தரைப் பார்த்தார். அவள் மணிக்கட்டைப் பார்த்தார். மறுபடி அவள் முகத்தைப் பார்த்தார். "கேபின்ல இன்னொரு ஆள் ஏறினா வண்டி நகராதுங்க. எடை பாக்குது. நேரா மேட்டுப்பாளையம் சென்டருக்குத்தான் போகும், வழியில எங்கயும் நிக்காது." சங்கிலியை மாட்டிக்கொண்டே குரலைத் தாழ்த்தினார். "சென்டர்லருந்து பெரிய ஆஸ்பத்திரி நாலு தெருதான். நீங்க பாட்டுக்கு உங்க கார்ல உக்காந்துக்கங்க. காருக்குள்ள இருக்கறது லக்கேஜு. நான் பாக்கல."

கமால் பாய்தான் அவளைத் தூக்கிப் பின்சீட்டில் வைத்தார். அருளப்பன் பக்கத்தில் ஏறிக்கொண்டார். கதவைச் சாத்தும்போது பாய், "சாய விடாதீங்க இன்ஸ்பெக்டரே. நிமிர்த்தியே பிடிங்க" என்றார். கம்பத்தை நிமிர்த்தி நிறுத்தியவர் அல்லவா, பிடித்துக்கொண்டார்.

நோயாளிக் கார் சைரனோடு மலையிறங்கியது. எதிரில் வந்த வண்டிகள் ஒதுங்கி வழிவிட்டன.

கர்ர். கர்ர். எட்டு மாதமாகச் சக்கரத்துக்கு மேலும் சீட்டுக்கு அடியிலும் அவர் தேடிய சத்தம் இதைவிட ஒன்றும் பெரிதில்லை. இது இத்தனை நாளும் அவர் தலையணைக்குப் பக்கத்தில்தான் இருந்தது.

"ஏங்க," என்றாள் எஸ்தர். "நம்ம வண்டி... இன்னிக்கு ஆடவே இல்ல."

"பேசாத. மூச்சை விடு. இன்னும் கொஞ்சம் இறங்கிட்டா குளிர் விட்டுடும். சூடு வந்தா உனக்கு எப்பவும் சரியாயிடும்ல?"

அவள் தலையசைத்தாள். மஞ்சள் வெயில் மரங்களுக்கு நடுவே வந்து வந்து போனது. காற்றில் சமவெளியின் வெதுவெதுப்பு தெரிய ஆரம்பித்தது. ஒரு வளைவில் அவள் அவர் தோளில் சாய்ந்தாள். உடம்பு ஒருமுறை பலமாகக் குலுங்கியது. மறுபடி ஒருமுறை. அருளப்பன் தன்னையறியாமல் எண்ண ஆரம்பித்தார். தினமும் காலையில் எண்ணி எண்ணிப் பழகியது. ஏழு, எட்டு, ஒன்பது. பத்து. பதினொன்று.

அடங்கியது.

அப்பாடா என்று மூச்சுவிட்டார். ஸ்வெட்டரை அவள் கழுத்துவரை இழுத்துவிட்டார். தூங்கட்டும். ராத்திரியெல்லாம் அவள் தூங்கவில்லை. எழுப்பக் கூடாது என்று, மீதி வழி முழுக்கத் தோளை அசைக்காமலே வைத்திருந்தார்.

சென்டர் வாசலில் முகிலரசன் புது ரோஜாவோடு நின்றிருந்தார். வாயிலின் கருவி, வந்தவர்கள் எல்லோரையும் படித்துப் பலகையில் காட்டியது.

வாகனம்: சிவப்பு.
ஓட்டுநர்: நலம்.
பயணி: ஆழ்ந்த ஓய்வில் உள்ளார். தொந்தரவு செய்ய வேண்டாம்.

"சார், நீங்க சொன்னது சரிதான். அவருக்கு நிஜமாவே..." என்று உரக்க ஆரம்பித்த முகிலரசன் பலகையைப் பார்த்தார். பின்சீட்டைப் பார்த்தார். உடனே குரலைத் தாழ்த்திக்கொண்டார். ஆட்களிடம் உதட்டில் விரலை வைத்துக் காட்டினார். சைரனை நிறுத்தச் சொன்னார்.

"மேடம் தூங்கட்டும் சார்," என்று கண்ணாடி வழியாகக் கிசுகிசுத்தார். "அப்படியே மெதுவா உள்ள கொண்டுபோயிடலாம். மண்டபத்துல கதகதன்னு இருக்கும்."

மேடை மெல்ல நகர்ந்தது. இருபத்தெட்டு டிகிரி வெள்ளை வெளிச்சம் காருக்குள் வந்தது. தூரத்தில், நாலு தெரு தள்ளி, ஆஸ்பத்திரியின் தண்ணீர்த் தொட்டி தெரிந்தது.

அருளப்பன் எஸ்தரின் கையைப் பிடித்துப் பார்த்தார். மணிக்கட்டில் பச்சை. விரல்களில் இன்னும் ஆனைக்கல்பெட்டின் குளிர்.

அவர் யாரையும் கூப்பிடவில்லை. அசையவும் இல்லை. மறுபடி ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தார்.